பெயரும் உடலும்: தொடக்க நவீன ஐரோப்பிய அச்சோவியங்களில் பெண்ணின் நிர்வாண உரு

ஆய்வுச்சுருக்கம்

15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பாவில் உருவான செப்புத்தகட்டு, மரச்செதுக்கு, அமில அரிப்பு அச்சோவியங்களில் பெண்ணின் நிர்வாண உரு பெரும்பாலும் ஒரு பெயரின் துணையோடு உலவியது. ஏவாள், வீனஸ், தியானா, சூனியக்காரி என்னும் பெயர்கள் உருவை அடையாளப்படுத்துவதோடு நில்லாமல், அது கைமாறிச் செல்வதற்கான உரிமச் சீட்டாகவும் பயன்பட்டன. பெயர் இல்லாத இடத்தில் பார்வையாளரும் திறனாய்வாளரும் அட்டவணையாளரும் தாமே ஒரு பெயரைச் சூட்டினர். டியூரர், மார்க்கன்டோனியோ ரைமொண்டி, தியானா மாந்துவானா, ரெம்பிராண்ட் ஆகியோரின் படைப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இப்பெயரிடலின் செயற்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தலைப்பைப் படத்தின் பொருளாகக் கொள்ளாமல், அதன் வரவேற்பு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அச்சோவியம், நிர்வாண உரு, பெயரிடல், டியூரர், ரெம்பிராண்ட், படத்தலைப்பு, வரவேற்பு வரலாறு.

1. முன்னுரை

அரண்மனைச் சுவரில் தீட்டப்பட்ட ஓவியத்தைக் காண வருவோர் யார் என்பதை அதன் உடைமையாளர் முடிவு செய்கிறார். அச்சோவியத்துக்கு அத்தகைய காவல் இல்லை. ஒரு செப்புத்தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். அவை சந்தையிலும் புத்தகக் கடையிலும் பயணியின் பையிலும் இடம்பெறலாம். வாங்குபவர் அறிஞரா, வணிகரா, தொழிற்பயிற்சியிலுள்ள இளைஞரா என்பது செதுக்கியவருக்குத் தெரியாது. பெண்ணின் ஆடையற்ற உடல் இவ்வகைத் தாளில் ஏறியபோது, ஓவியத்தில் எழாத ஒரு சிக்கல் எழுந்தது. உடைமையாளரின் தகுதி தந்த பாதுகாப்பை இனி எது தரும் என்பதே அச்சிக்கல்.

கார்லோ கின்ஸ்பர்க், திசியானோவையும் 16ஆம் நூற்றாண்டுக் காமச் சித்திரிப்பு மரபுகளையும் பற்றிய ஆய்வில், அக்காலப் படிமங்கள் இரு சுற்றுகளில் இயங்கின என்று காட்டுகிறார். ஒன்று அனைவருக்கும் உரிய பொதுச்சுற்று. மற்றொன்று உயர்குடியினருக்கு உரிய தனிச்சுற்று. தொன்மக்கதையின் மொழி இரண்டாம் சுற்றுக்கு உரியது. இப்பகுப்பை அச்சோவியத்துக்குப் பொருத்தும்போது ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. அச்சுத்தாள் இவ்விரு சுற்றுகளுக்கும் இடையிலிருந்த வேலியைத் தாண்டுவது. எனவே தனிச்சுற்றின் மொழியாகிய தொன்மப் பெயரை அது தன்னோடு சுமந்து செல்ல வேண்டியிருந்தது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கருதுகோள் இதுவே.

2. கலைச்சொல் குறித்து

கென்னத் கிளார்க் 1956இல் வெளியிட்ட நூலில், வெறுமனே ஆடையிழந்த உடலையும் கலைவடிவாக மாற்றப்பட்ட உடலையும் இரு ஆங்கிலச் சொற்களால் வேறுபடுத்தினார். முன்னது கூச்சத்தைத் தருவது. பின்னது சமனும் நிறைவும் கொண்டது என்பது அவர் கருத்து. ஜான் பெர்ஜர் 1972இல் அந்த இணையைத் தலைகீழாக்கினார். கலைவடிவம் என்பது பிறர் பார்வைக்கென உடல் அணிந்துகொள்ளும் மற்றோர் ஆடையே என்பது அவர் வாதம்.

தமிழில் இவ்விணைக்கு நேரான சொற்கள் இல்லை. ‘அம்மணம்’ என்னும் சொல் அமணரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ‘நிர்வாணம்’ என்னும் சொல் ஆடையின்மையோடு வீடுபேற்றையும் குறிக்கும். இரண்டின் பின்னணியிலும் அழகியலைவிடச் சமயத் துறவே மேலோங்கி நிற்கிறது. இக்கட்டுரை, தொழில்நுட்ப வசதி கருதி, ஆடை களைந்த நிலையை ‘ஆடையற்ற உடல்’ என்றும், கலைமரபு வகுத்த வடிவத்தை ‘நிர்வாண உரு’ என்றும் வழங்குகிறது. இவை கிளார்க்கின் மதிப்பீட்டை ஏற்கும் சொற்கள் அல்ல. ஓர் உடல் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்வதில் பெயரின் பங்கு என்ன என்பதைக் கேட்பதற்கான கருவிகள் மட்டுமே.

3. பெயர் மறுக்கப்பட்ட நால்வர்

ஆல்பிரெக்ட் டியூரரின் செப்புத்தகட்டு அச்சோவியங்களில் ஆண்டு குறிக்கப்பட்ட முதல் படம் 1497இல் செதுக்கப்பட்டது. ஓர் அறையில் ஆடையற்ற பெண்கள் நால்வர் வட்டமாக நிற்கின்றனர். மேலே ஓர் உருண்டை தொங்குகிறது; அதில் ஆண்டும் ஓ, ஜி, எச் என்னும் மூன்று எழுத்துகளும் உள்ளன. தரையில் மண்டையோடும் எலும்பும் கிடக்கின்றன. இடப்புற வாயிலில் தீப்புகைக்கு நடுவே பேயுரு ஒன்று எட்டிப் பார்க்கிறது. பெண்கள் ஆடை களைந்துள்ளனர். ஆனால் தலையணிகள் எஞ்சியுள்ளன. எனவே இவர்களைக் காலம் கடந்த தெய்வமகளிராகவும் காணமுடியவில்லை. ஒரு நகரத்தின் பெண்களாகவும் உறுதியாகக் காணமுடியவில்லை.

டியூரர் இப்படத்துக்குப் பெயர் எதையும் பொறிக்கவில்லை. மூன்று எழுத்துகள் ஒரு விடையை உறுதியளிப்பதுபோல் தோன்றி, அதை வழங்காமலே நிற்கின்றன. இவ்வெற்றிடத்தை நிரப்பப் பலர் முயன்றனர். யோவாகிம் ஃபான் சாண்ட்ரார்ட் 1675இல் இவ்வெழுத்துகளை, கடவுளிடம் காவல் வேண்டும் ஒரு ஜெர்மானியத் தொடரின் சுருக்கமாகக் கொண்டார். அவ்விளக்கத்தோடு நால்வரும் சூனியக்காரிகள் ஆயினர். சூனிய வேட்டையின் கைந்நூலான ‘மல்லேயுஸ் மாலெஃபிகாரும்’ படம் செதுக்கப்படுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது என்பது இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கும் சூழற்சான்று. ஆயினும் சூழற்சான்று படத்துக்குள் பொறித்த பெயருக்கு ஈடாகாது.

இதற்கு வலுவான மறுசான்று படத்தின் தொடக்கக்காலப் பிரதி ஒன்றிலேயே உள்ளது. இத்தாலியச் செதுக்குநர் நிகோலெட்டோ தா மோதெனா 1500இல் இப்படத்தைப் பிரதி செய்தார். அப்பிரதியில், ‘மிக அழகியவளுக்கு அளிக்கப்படுக’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் இடம்பெற்றது. பாரிஸ் என்னும் இளவரசன் மூன்று தேவியருள் ஒருத்தியைத் தேர்ந்த கதையை அது நினைவூட்டுகிறது. டியூரரின் படம் வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, அதே உடல்கள் தெய்வங்களாயின. வடக்கே பின்னாளில் சூனியக்காரிகளாயின. உடலமைப்பில் மாற்றம் இல்லை. மாறியது பெயர் மட்டுமே; பெயரோடு பார்வையாளரின் உரிமையும் மாறியது. முன்னதில் அவர் அழகுக்கு நடுவர். பின்னதில் தீமைக்குச் சாட்சி.

டியூரரின் பணிக்கூடத்தில் பயின்ற ஹான்ஸ் பால்டுங் கிரீன் 1510இல் வெளியிட்ட ஒளிநிழல் மரச்செதுக்கு, டியூரர் திறந்துவிட்ட ஐயத்தை முற்றாக மூடுகிறது. கவட்டைக் கோல்கள், புகையுமிழும் கலயம், ஆட்டின்மேல் பின்னோக்கி அமர்ந்து வானில் செல்லும் பெண் என ஒவ்வொரு பொருளும் சூனியம் என்னும் பெயரை உரக்கச் சொல்கிறது. இளமையும் முதுமையும் கலந்த உடல்களை இவ்வளவு நெருக்கமாக ஒரே தாளில் காட்டும் துணிவை அப்பெயரே வழங்கியது எனலாம். கண்டிக்கப்படவேண்டிய உடல் என்று அறிவித்த பின், அதை நீண்ட நேரம் பார்ப்பது குற்றமாகாது.

4. கட்டப்பட்ட ஏவாள்

டியூரரின் ‘ஆதாமும் ஏவாளும்’ (1504) இதற்கு நேரெதிர் முனையில் நிற்கிறது. இங்கே பெயர் ஐயத்துக்கு இடமற்றது. விவிலியம் அளிக்கும் உரிமம் முழுமையானது. ஆதாம் பற்றிய கிளையில் தொங்கும் பலகை கலைஞரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் லத்தீனில் அறிவிக்கிறது. எர்வின் பனோஃப்ஸ்கி, காலடியில் உள்ள பூனை, முயல், எருது, மானினம் ஆகியவற்றை மனித இயல்பின் நான்கு தாதுக்களோடு இணைத்துக் காட்டினார். வீழ்ச்சிக்கு முன் அவை சமநிலையில் இருந்தன. ஆகவே உடல்களும் அளவில் நிறைந்தவையாக இருந்தன என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இப்படத்தின் செயல்முறைச் சான்று, பொருள்விளக்கத்தைவிட ஒருபடி மேலாகப் பேசுகிறது. பணி முடிவதற்கு முன் எடுக்கப்பட்ட சோதனைப் படிகள் எஞ்சியுள்ளன. அவற்றில் காடும் மரப்பட்டையும் விலங்குகளும் ஏறத்தாழ முடிந்த நிலையில் உள்ளன. உடல்களோ பெரும்பாலும் புறக்கோடுகளாக மட்டுமே நிற்கின்றன. இருண்ட காட்டுக்கு நடுவே வெண்மையான இரு வெற்றிடங்கள். டியூரர் முதலில் உலகைச் செதுக்கி, இறுதியில் அதற்குள் சதையை நிரப்பினார். செதுக்குளி செப்பில் அழுந்துமிடத்தில் கோடு தடிக்கும், எழும்புமிடத்தில் மெலியும். இவ்வாறு தடித்து மெலியும் கோடுகளும், அவை அருகிய இடங்களில் இடும் நுண்புள்ளிகளும் ஏவாளின் வயிற்றையும் தொடையையும் உருட்டித் தருகின்றன. ஏவாளின் நிர்வாண உரு ஒரு பெண்ணைப் பார்த்து வரைந்த பதிவு என்பதைவிட, அளவையாலும் கோட்டொழுங்காலும் எழுப்பிய கட்டடம் என்பதே பொருந்தும்.

வெவ்வேறு பெண்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு நிறைவடிவம் ஆக்கும் முறையை டியூரர் நம்பினார் என்று பெர்ஜர் குறைகூறினார். 1504ஆம் ஆண்டின் ஏவாளுக்கு அது பொருந்தலாம். ஆனால் டியூரர் மறைந்த 1528ஆம் ஆண்டில் வெளியான ‘மனித உடலளவு பற்றிய நான்கு நூல்கள்’ அக்குறையைத் திருத்தி வாசிக்கத் தூண்டுகின்றன. அங்கே ஒற்றை அழகுவடிவம் இல்லை. பருத்த பெண், மெலிந்த பெண் எனப் பலவகை உடல்கள் தத்தம் அளவுகளோடு அடுத்தடுத்து நிற்கின்றன. ஏவாள் என்னும் பெயர் ஒரே ஒரு நிறைவடிவத்தைக் கோரியது. பெயரற்ற அளவைப் படங்கள் பன்மையை அனுமதித்தன.

ஒரே உடலுக்கு இரு பெயர் அமைந்த நிகழ்வும் டியூரரிடம் உண்டு. சுமார் 1501–1502இல் செதுக்கப்பட்ட படத்தில், சிறகுள்ள பருத்த பெண்ணொருத்தி பக்கவாட்டில் உருண்டையின்மேல் நிற்கிறாள். கீழே ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கின் கிளாவுசன் ஊர் விரிகிறது. நெதர்லாந்துப் பயண நாட்குறிப்பில் டியூரர் அதை ‘நெமெசிஸ்’ என்று சுட்டுகிறார். பின்வந்தோரிடம் அது ‘பெரிய நல்லூழ்’ எனவும் வழங்கியது. ஒறுப்பின் தேவி நல்லூழின் தேவியாக மாறுவதற்குப் படம் தடை சொல்லவில்லை. படைத்தவரே சூட்டிய பெயர்கூட அச்சுத்தாளோடு பிரியாமல் பயணிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

டியூரரைப் பற்றிய பெண்ணியத் திறனாய்வில் மிகுதியும் எடுத்தாளப்படுவது மற்றொரு படம்: கம்பிச்சட்டகத்தின் ஊடே, படுத்திருக்கும் பெண்ணை நோக்கி வரையும் ஆணைக் காட்டும் மரச்செதுக்கு. இது அளவை முறைகள் பற்றிய அவருடைய கையேட்டின் 1538ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. லிண்டா நீட் உள்ளிட்டோர் இதனை ஆணின் கட்டுப்படுத்தும் பார்வையின் சின்னமாக வாசித்தனர். அவ்வாசிப்பு ஏற்கத்தக்கது. அதனோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். இப்பெண்ணுக்கும் பெயர் இல்லை. ஆனால் அவள் கண்டனத்துக்கு உள்ளாகவில்லை. பாடநூலின் பக்கமே அவளுக்கு உரிமமாயிற்று. கல்வி என்னும் பயன் தொன்மப் பெயரின் இடத்தை எடுத்துக்கொண்டது.

5. சிறைக்கும் சலுகைக்கும் இடையே

பெயரின் ஆற்றலை அளக்க ரோமாபுரி ஒரு சோதனைக்களத்தை அளிக்கிறது. ரஃபேலின் வடிவங்களைச் செப்பில் பரப்பிய மார்க்கன்டோனியோ ரைமொண்டி, 1524இல் ஜூலியோ ரோமானோவின் வரைபடங்களிலிருந்து கலவி நிலைகளைக் காட்டும் ஒரு தொகுதியைச் செதுக்கினார். வசாரியின் கூற்றுப்படி, திருத்தந்தை ஏழாம் கிளெமென்ட் அவரைச் சிறையிட்டார். ஜூலியோ ரோமானோ அதற்குள் மாந்துவாவுக்குச் சென்றிருந்தார். பியெத்ரோ அரெத்தினோ பின்னர் இப்படங்களுக்குப் பாடல்கள் எழுதினார். முதல் பதிப்பின் படிகள் ஏறக்குறைய முற்றாக அழிந்தன; பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வெட்டியெடுத்த துண்டுகள் சில எஞ்சியுள்ளன.

ரோம் நகரில் சில ஆண்டுகளுக்குள் மற்றொரு தொகுதி வெளிவந்தது. ரோஸ்ஸோ ஃபியொரென்தினோ, பெரினோ தெல் வாகா ஆகியோரின் வரைபடங்களை ஜாக்கொப்போ கரால்யோ செதுக்க, பவியேரா வெளியிட்ட ‘தெய்வங்களின் காதல்கள்’ (1527) அது. உடல்களின் நெருக்கத்தில் இத்தொகுதி முந்தியதற்கு வெகுதொலைவில் இல்லை. ஆனால் இங்கே யுப்பித்தர், மெர்குரி, வீனஸ் என ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இதற்கு முன்னதைப்போன்ற தண்டனை நேரவில்லை. பெட் டல்வாக்கியா 1999ஆம் ஆண்டு நூலில் இவ்விரு தொகுதிகளையும் ஒப்பிட்டு, தொன்மப் போர்வையின் இன்மையே முதல் தொகுதியை ஆபத்தாக்கியது என்னும் வாதத்தை வளர்க்கிறார்.

இவ்வாதத்தோடு அச்சு என்னும் ஊடகத்தின் பங்கையும் இணைத்துக் காண்பது தேவை. வரைந்த ஜூலியோ ரோமானோ தண்டிக்கப்படவில்லை, செதுக்கியவரே தண்டிக்கப்பட்டார். மாந்துவாவில் தே அரண்மனையின் அமோர்–சைகி அறைச் சுவர்களில் அதே ஜூலியோ ரோமானோ காமம் ததும்பும் நிர்வாண உருக்களைத் தீட்டினார். அவை கொன்சாகா குடும்பத்தின் பெருமையாயின. குற்றம் உடலில் இல்லை. உருவைக் கற்பித்தவரிடமும் இல்லை. எண்ணற்ற கைகளுக்குச் செல்லும் தாளும், அத்தாளில் பெயர் இல்லாமையும் சேர்ந்ததே குற்றமாயிற்று.

இக்கதைக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் அமைந்த தொடர்ச்சி குறிப்பிடத்தக்கது. மாந்துவாவில் செதுக்குநர் குடும்பத்தில் பிறந்த தியானா மாந்துவானா, தே அரண்மனையின் அதே அறை ஓவியத்திலிருந்து ‘தெய்வங்களின் விருந்து’ என்னும் பெரிய அச்சோவியத்தை 1575இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, தம் படங்களைத் தாமே வெளியிட்டு விற்கும் சலுகையை அவருக்கு வழங்கினார். ஒரு திருத்தந்தையின் சிறையில் தொடங்கிய ஜூலியோ ரோமானோவின் அச்சு வாழ்வு, மற்றொரு திருத்தந்தையின் சலுகைக் காலத்தில் ஒரு பெண்ணின் கையொப்பத்தோடு புகழடைந்தது. தெய்வங்கள் என்னும் பெயர் உடல்களைக் காத்தது. தம் பெயரையும் ஊர்ப்பெயரையும் தகட்டில் பொறித்தது செதுக்கியவரைக் காத்தது. ஆடையற்ற மாதிரியை நேரில் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில், பிறர் வரைந்த நிர்வாண உருவைப் பிழையின்றிச் செப்புக்கு மாற்றும் திறனே அவருக்குத் தொழில் ஆயிற்று. படத்திலுள்ள பெண்ணுக்கும் படத்தைச் செதுக்கிய பெண்ணுக்கும் பெயர் இருவேறு வகையில் தேவைப்பட்டது என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

பெயர் எப்போதும் நம்பத்தக்க காவலனாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நியூரம்பர்க்கிலிருந்து 1525இல் சமயமறுப்புக் குற்றச்சாட்டால் வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவரான ஜெபால்டு பேஹாம், உள்ளங்கையில் அடங்கும் சிறு தாள்களைச் செதுக்கினார். அவருடைய ‘இரவு’ (1548), உறங்கும் பெண்ணை மிக அண்மையிலிருந்து காட்டுகிறது. ஓவிதின் லத்தீன் வரியொன்று மேலே பொறிக்கப்பட்டுள்ளது. கல்விப்புலமை இங்கே ஒரு மெல்லிய திரை மட்டுமே. திரையின் மென்மையை வாங்குபவரும் விற்பவரும் அறிந்திருக்கவேண்டும். இருப்பினும் அத்திரை முற்றாக விலக்கப்படவில்லை என்பதே இங்கு முதன்மை பெறுகிறது. பெயர் நம்பப்படாத நிலையிலும் தேவைப்பட்டது.

6. அம்பறாத்தூணி இல்லாத தியானா

ரெம்பிராண்ட் சுமார் 1631இல், இருபத்தைந்து வயதளவில், அமில அரிப்பு முறையில் இரு பெண்ணுருக்களை உருவாக்கினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவின. ஒன்றில், நீர்நிலையருகே அமர்ந்த பெண்ணின் பின்னால் அம்பறாத்தூணி தெரிகிறது. ஆகவே அவள் வேட்டைத் தேவியாகிய தியானா. மற்றொன்றில் பெண்ணொருத்தி மண்மேட்டில் அமர்ந்து பார்வையாளரை நேராக நோக்குகிறாள். அம்பறாத்தூணி இல்லை, பெயரும் இல்லை. இருவரின் உடல்களும் உறவுடையவை: தளர்ந்த வயிறு, மடிப்புகள், கனத்த தொடைகள். வேறுபாடு ஓர் ஆயுத உறையில் அடங்கியுள்ளது.

செதுக்குளி செப்பை உழுது செல்லும். அமில அரிப்பில் ஊசி, மெழுகுப் பூச்சின்மேல் தங்குதடையின்றி ஓடும். எனவே டியூரரின் ஒழுங்கான வளைகோடுகளுக்கு மாறாக, ரெம்பிராண்டின் கோடு தோலின் தளர்ச்சியையும் நிழலின் கலைவையும் பின்தொடர வல்லது. கருவியின் மாற்றம் உடலின் மாற்றத்துக்கு வழிவிட்டது. ஆனால் வழிவிடுதல் வேறு, காரணமாதல் வேறு. அதே கருவியால் இனிய வடிவங்களைச் செய்தோரும் அக்காலத்தில் பலர். இவ்வுடலை ரெம்பிராண்ட் தேர்ந்தெடுத்தார் என்பதே மறுக்கவியலாத செய்தி.

அவர் காலத்தோர் இப்படத்தைப் புறக்கணிக்கவில்லை. வென்செஸ்லாஸ் ஹோலர் 1635இல் மண்மேட்டுப் பெண்ணைப் பிரதி செய்தார். ஆனால் செவ்வியல் கோட்பாடு ஆம்ஸ்டர்டாமில் வலுப்பெற்ற பின் கண்டனம் எழுந்தது. ரெம்பிராண்ட் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1681இல், ஆந்திரீஸ் பெல்ஸ் நாடகக்கலை பற்றிய செய்யுள் நூலில் அவரைச் சாடினார். கிரேக்க வீனஸை மாதிரியாகக் கொள்ளாமல் சலவைக்காரியையோ கரிமண் மிதிக்கும் பெண்ணையோ தேர்ந்தார் என்பதும், கச்சின் இறுக்கமும் காலுறைப் பட்டையின் தடமும் உடலில் தெரிய வரைந்தார் என்பதும் அக்கண்டனத்தின் உள்ளடக்கம். 1718இல் அர்னோல்ட் ஹவ்ப்ராக்கனும் இவ்வகைக் குறையையே தொடர்ந்தார்.

பெல்ஸின் கண்டனத்தில் கவனிக்கத்தக்கது சலவைக்காரி என்னும் சொல். படத்தில் துவைக்கும் துணி இல்லை, தொட்டி இல்லை, தொழிலைச் சுட்டும் பொருள் எதுவும் இல்லை. தெய்வப் பெயர் இல்லாத உடலுக்குப் பெல்ஸ் தாமே ஒரு பெயரை, அதுவும் தாழ்ந்ததாக அவர் கருதிய உழைப்பின் பெயரை, சூட்டினார். 1497ஆம் ஆண்டுப் பெண்களைச் சாண்ட்ரார்ட் சூனியக்காரிகளாக்கியதற்கும் இதற்கும் செயல்முறையில் வேறுபாடு இல்லை. முன்னதில் அறத்தின் அடுக்கில் கீழிறக்கம்; பின்னதில் வர்க்கத்தின் அடுக்கில் கீழிறக்கம். இரண்டிலும் படத்தின் வெற்றிடம் பார்வையாளரின் அச்சத்தால் நிரப்பப்பட்டது. காலுறைப் பட்டையின் தடம் பெல்ஸுக்கு உறுத்தலாக இருந்ததன் காரணமும் இங்கு விளங்குகிறது. அத்தடம், இவள் சற்றுமுன் ஆடை அணிந்திருந்தாள், மீண்டும் அணிவாள் என்று சொல்கிறது. தேவியருக்கு அத்தகைய நேற்றும் நாளையும் இல்லை.

எரிக் யான் ஸ்லைட்டர் 2006ஆம் ஆண்டு நூலில், ரெம்பிராண்டின் பெண்ணுருக்களை முந்தைய அச்சோவிய மரபோடு அவர் நடத்திய போட்டியாகவும், உயிருள்ள மாதிரியிலிருந்து வரைவது என்னும் கலைக்கொள்கையின் வெளிப்பாடாகவும் விரிவாக நிறுவினார். 1638ஆம் ஆண்டு ‘ஆதாமும் ஏவாளும்’ அதற்கு நல்ல சான்று. பாம்பின் பறவைநாக வடிவத்தை ரெம்பிராண்ட் டியூரரின் கிறிஸ்துப் பாடுகள் தொகுதியிலிருந்து எடுத்தாண்டார். ஆனால் ஏவாளின் உடலை எடுத்தாளவில்லை. இங்கே பெயர் உறுதியாக உண்டு. அப்பெயர் கோரும் நிறைவடிவம் இல்லை. முதுமை தொடங்கிய முகமும் கனத்த உடலும் கொண்ட இந்த ஏவாள், வீழ்ச்சிக்கு முன்பே காலத்துக்கு உட்பட்டவளாக நிற்கிறாள். பெயருக்கும் வடிவத்துக்கும் இடையே டியூரர் கட்டிய பாலத்தை, பெயரை வைத்துக்கொண்டே ரெம்பிராண்ட் அகற்றினார்.

1658ஆம் ஆண்டின் தாள்களில் பெயரும் நீங்குகிறது. அடுப்பருகே அரையாடையுடன் அமர்ந்த பெண்ணின் தகட்டை அவர் பலமுறை திருத்தினார். முந்தைய நிலைகளில் உள்ள தலைத்துணி பிந்தைய நிலைகளில் இல்லை. தலையணி ஒரு பெண்ணின் சமூக நிலையைச் சொல்லும் எஞ்சிய குறி. டியூரரின் நால்வரிடம் அது தங்கியிருந்தது. ரெம்பிராண்ட் அதையும் தகட்டிலிருந்து தேய்த்தெடுத்தார். அவ்வாண்டின் மற்றொரு படத்தில், குளியலுக்கு அமர்ந்த பெண்ணின் அருகே ஒரு தொப்பி கிடக்கிறது. அது யாருடையது என்பதைப் படம் சொல்வதில்லை. பொருள் உண்டு, கதை இல்லை. வெப்பமான அறையில் ஓர் உடல் ஓய்வெடுக்கிறது என்பதற்கு மேல் எந்த உரிமத்தையும் இத்தாள்கள் கோரவில்லை.

அதே ஆண்டைச் சேர்ந்த மற்றொரு தாள், பெயரிடலின் வேகம் தணியவில்லை என்பதைக் காட்டுகிறது. முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பெண்ணின் அந்த உரு அடர்ந்த நிழலில் மூழ்கியுள்ளது. நெடுங்காலம் அட்டவணைகள் அவளைக் கறுப்பினப் பெண் என்றே பதிவு செய்தன. உடலின் கருமை தோலின் நிறமா, அறையின் இருளா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்கு உரியது. ரெம்பிராண்ட் ஒளியை ஆராய்ந்தாரா, ஒரு குறிப்பிட்ட பெண்ணை வரைந்தாரா என்னும் வினாவைத் தலைப்பு முன்கூட்டியே முடித்துவைத்தது. தலைப்பை மாற்றி ‘படுத்திருக்கும் பெண்’ என எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் அக்காலத்தில் ஆப்பிரிக்க மரபினர் வாழ்ந்தனர் என்பது ஆவணச் செய்தி. பொதுப்பெயர், ஒருகால் அங்கே இருந்திருக்கக்கூடிய ஒருத்தியை மறைத்துவிடவும் கூடும்.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பெண்ணின் நிர்வாண உரு அச்சோவியத்தில் பெயரைச் சார்ந்திருந்தது. அச்சார்பின் வேர் உடலின் இயல்பில் இல்லை, தாளின் பரவலில் உள்ளது. தே அரண்மனையின் சுவருக்குத் தேவைப்படாத எச்சரிக்கை ரைமொண்டியின் தகட்டுக்குத் தேவைப்பட்டது. இரண்டாவதாக, பெயர் வழங்கப்படாத இடத்தில் வெற்றிடம் நிலைக்கவில்லை. தேவி, சூனியக்காரி, சலவைக்காரி என உயர்த்தியோ தாழ்த்தியோ பெயர்கள் வந்து சேர்ந்தன. அவை படத்தைவிடப் பெயரிட்டவரின் ஊரையும் காலத்தையும் அச்சத்தையும் தெளிவாகக் காட்டுகின்றன. மூன்றாவதாக, டியூரரின் 1497ஆம் ஆண்டுத் தாளுக்கும் ரெம்பிராண்டின் 1658ஆம் ஆண்டுத் தாள்களுக்கும் இடையிலான தொலைவை, நிறைவடிவத்திலிருந்து இயல்புவடிவத்துக்குச் சென்ற பயணம் என்று மட்டும் கூறுவது போதாது. பெயரைப் புதிராக நிறுத்திவைத்த ஒருவரிடமிருந்து, பெயரின்றியே உடல் இருக்கட்டும் என்று விட்ட ஒருவரிடம் வந்துசேரும் தொலைவு அது.

ஆய்வுமுறை நோக்கில் இதன் பயன் எளிது. அருங்காட்சியக அட்டவணையில் காணும் தலைப்பைத் தமிழில் பெயர்த்து, அதையே படத்தின் பொருளாகக் கொண்டு விளக்கத் தொடங்கும் பழக்கம் கலைவரலாற்றுக் கட்டுரைகளில் உண்டு. ‘நான்கு சூனியக்காரிகள்’ என்று எழுதிய கணத்திலேயே ஆய்வாளர் 1675ஆம் ஆண்டின் தீர்ப்பில் கையொப்பமிடுகிறார். தலைப்பை யார், எப்போது, எந்தத் தேவை கருதிச் சூட்டினார் என்னும் வினா படவிளக்கத்துக்கு முன் நிற்கவேண்டும். நால்வரின் தலைக்கு மேல் தொங்கும் உருண்டையில் டியூரர் மூன்று எழுத்துகளை மட்டுமே பொறித்தார். அவற்றை நிறைவு செய்யாமல் வாசிப்பதற்கும் பயிற்சி தேவைப்படுகிறது.